கடைசல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண் யார்?

முதல் பதிவு

2018 ஜனவரியில் நவோமி பார்க்கர் ஃப்ரேலி தமது 96ஆம் வயதில் காலமானார் என்ற செய்தியைப் படித்தபோது ஏற்பட்ட சங்கடம் எனக்கு இன்னும் தீரவில்லை. ‘நம்மால் முடியும்!’ (We Can Do It!) என்ற வாசகத்துடன் ஒரு பெண் கையை மடக்கிப் புயத்தைக் காட்டும், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கச் சுவரொட்டியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் செய்திக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக அதைப் பெரிதாக வரைந்து, அதற்கு முன்மாதிரி என்று சொல்லப்பட்ட புகைப்படத்தையும் பக்கத்தில் ஒட்டி, ‘ஜெரால்டின் டாயில்’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். உண்மையில் அந்தப் புகைப்படத்தில் இருப்பவர் நவோமி.

அன்றிரவு அந்தப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். புள்ளி போட்ட துணியால் தலையைக் கட்டிக்கொண்டு, இயந்திரத்தில் மூக்கு இடித்துவிடுமோ என்னும் அளவுக்குக் குனிந்து, வேலையில் மூழ்கியிருக்கும் 20 வயதுப் பெண். அந்தப் படம் வந்த, 1942இல் வெட்டி வைத்த செய்தித்தாள் துணுக்கு நவோமியின் கையில் இருந்தும், பல ஆண்டுகள் அவர் சொல் எடுபடவில்லை. அவர் பெயரை மறைத்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாம் பதிவு

லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் பின்னல் நுனி, வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கின் அருகே ஒரு விரற்கடை தூரத்தில் ஊசலாடியதைக் கண்டு, ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினேன். அன்றிலிருந்து அந்தத் தலைத்துணியைப் பார்த்தால் எனக்கு அழகு தெரிவதில்லை, அந்த நுனிதான் தெரிகிறது. ஆனால் சுவரொட்டியை வரைந்த ஜே. ஹோவர்ட் மில்லர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பதற்குச் சான்று கிடையாது. 1943 பிப்ரவரியில் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆலைகளில் இரண்டு வாரம் ஒட்டப்பட்டிருந்த சுவரொட்டி அது. ஆகவே புகைப்படத்தில் இருப்பவர் யார் என்பதும், சுவரொட்டியில் இருப்பவர் யார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதற்பதிவர் இரண்டையும் கலந்துவிட்டார்.

மூன்றாம் பதிவு

டாயில் அம்மையாரைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். 1942இல் மிஷிகன் மாநிலத்தில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் சேர்ந்த அவர், செல்லோ வாசிக்கும் விரல்களுக்கு ஆபத்து வருமென்று அஞ்சிச் சில நாளிலேயே விலகியவர். 1984இல் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது அது தாம்தான் என்று மனமார நம்பினார். பேராசிரியர் ஜேம்ஸ் கிம்பிள் ஆறு ஆண்டுகள் தேடிக் கண்டெடுத்த, அந்தப் புகைப்படத்தின் பழைய பிரதியில் ஒட்டியிருந்த குறிப்புதான் முடிச்சை அவிழ்த்தது: 1942 மார்ச் 24, கலிபோர்னியாவின் அலமீடா கடற்படை விமானத் தளம், நவோமி பார்க்கர். அந்த மார்ச் மாதத்தில் டாயில் இன்னும் பள்ளி மாணவி.

என் அனுபவம் சிறியது. பாட்டி தம் தங்கையுடன் இளவயதில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது; இருவரில் பாட்டி யார் என்று அம்மாவே தடுமாறினார். ஆகையால் சொல்கிறேன்: இன்றே பழைய படங்களை எடுங்கள். பேனா மை ஊறிவிடும் என்பதால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தின் ஓரத்தில் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். கணினியில் ஏற்றும்போது இரண்டு பக்கங்களையும் ஏற்றுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ‘இது அத்தையாகத்தான் இருக்கும்’ என்று ஊகித்து மட்டும் எழுதாதீர்கள்.

முதற்பதிவரின் மறுமொழி

இரண்டையும் கலந்தது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த அட்டை இன்னும் பரணில் இருக்கிறது. மகள் விடுமுறைக்கு வரும்போது, புகைப்படத்தின் கீழே உள்ள பெயரை அவளையே திருத்தி எழுதச் சொல்லப் போகிறேன்.