வளைவு வசூலும் அந்த பிளெக்ஸும்

சங்கத்து உறவுகளுக்கு குவைத்திலிருந்து வணக்கம்.

நம் ஊர் நினைவுக்கல்லுக்கு வளைவு கட்ட ஆளுக்குப் பத்தாயிரம் என்று பொருளாளர் அண்ணன் எழுதியிருந்தார். கொடுக்க மனசில்லாமல் இல்லை. திருவிழாவுக்குப் போன அக்கா மகள் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்துதான் கை வரவில்லை. 1914 உலகச் சண்டைக்குப் போனவர்கள் கல்லையே மறைத்து ஒரு பிளெக்ஸ். நடுவில் வேட்பாளர் கும்பிடுகிறார், சுற்றிலும் நம் பையன்கள் யூனிஃபார்மில். அடியில் 'பட்டாளத்து ஊர் ஓட்டு மொத்தமும் நமக்கே'. கார்கிலில் போன சின்ன மாமா படமும் அதில். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

படைவீரர் படத்தைப் பிரசாரத்தில் போடாதீர்கள் என்று தேர்தல் கமிஷன் 2013லேயே கட்சிகளுக்கு எழுதி, 2019 மார்ச்சில் மறுபடி ஞாபகப்படுத்தியது. அதை விடுங்கள். படத்தில் இருக்கிற மூன்று பேர் இன்னும் சர்வீஸில். கட்சிக் கூட்டத்தில் தலைகாட்டக்கூடாது என்று 1954 ஆர்மி ரூல்ஸில் இருக்கிறது. இந்த போட்டோ யூனிட் வரைக்கும் போனால் யூனிட் தலைவர் சி.ஓ. முன்னால் விறைப்பாக நிற்கப்போவது அந்தப் பையன்கள், பிளெக்ஸ் அடித்தவன் இல்லை.

'மொத்தமும்' என்றீர்களே, எந்தக் கணக்கில்? மேட்டுத் தெரு சுபேதார் பெரியப்பா வீட்டையே எடுங்கள். ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் 2015 நவம்பரில் அறிவிப்பாகி, 2014 ஜூலையிலிருந்து கணக்குப் போட்டு அவருக்கு அரியர் வந்தது. அந்த நன்றி இன்னும் போகவில்லை. பேரன் அக்னிவீர். நாலு வருஷம், அப்புறம் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றவனுக்குப் போகும்போது கையில் தரும் சேவா நிதி சுமார் 11.71 லட்சம், பென்ஷன் கிடையாது. 2022இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து தாத்தாவும் பேரனும் நியூஸ் போட்டால் ஆளுக்கொரு ரூம். பெரியம்மாவோ டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்காத நாளிலிருந்து வேறு பக்கம். இதில் எது பட்டாளத்து ஓட்டு?

நடுத்தெரு ஆயாவை மறந்துவிட்டீர்களா? பட்டாளத்தான் தனக்குப் பதில் ஊரில் ஒருவரை ஓட்டுப் போடச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம் என்று 2003இல் வந்ததே, அதில் மகனுக்காக ஆயா போட்டது. தன் ஓட்டுக்கு இடது கை ஆள்காட்டி விரலில் மை, மகன் ஓட்டுக்கு நடுவிரலில் மை. வெளியே வந்து இரண்டையும் நீட்டிக் காட்டி, "இது எனக்குப் புடிச்சவனுக்கு, இது அவன் சொன்னவனுக்கு" என்று பூத் ஏஜென்ட்டுகள் முன்னாலேயே சொன்னது. கட்சிக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் சர்வீஸில் இருந்தபோது போட்ட ஓட்டை யாராவது எண்ணினார்களா என்பதே சந்தேகம். ஓட்டுச் சீட்டு தபாலில் நாங்கள் இருந்த மலைக்கு வந்து சேரும்போது ரேடியோவில் ரிசல்ட் சொல்லி முடித்திருப்பான். 2016க்கு அப்புறம் சீட்டு ஆன்லைனில் வருகிறது. ஆனால் பிரிண்ட் எடுத்து, உறுதிமொழியில் ஆபீசர் கையெழுத்து வாங்கி, திரும்பத் தபாலில்தான் போக வேண்டும். எண்ணுகிற நாள் காலை 8 மணிக்குள் போய்ச் சேராத கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். அப்படிப்பட்ட ஓட்டை மொத்தமாக எழுதிக்கொடுக்க நீங்கள் யார்?

பிளெக்ஸ் இறங்கட்டும், பணம் வரும்.

---

தம்பி,

சிங்கப்பூரிலிருந்து பொருளாளர். பிளெக்ஸ் காசு சங்கத்துக் காசு இல்லை, ஒரு ரூபாய் போகவில்லை, ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. கணக்கு கேட்கிறவர் தேர்ச் சக்கரத்துக்குச் சொன்ன தொகையை முதலில் கட்டிவிட்டுக் கேட்கட்டும்.

இன்னொரு விஷயம், எல்லோருக்கும். வேறு நாட்டு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் காசு, இந்திய வம்சாவளிக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டுப் பணம். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில் தனிக் கணக்கு வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை. வேட்பாளர் வாசனை அடிக்கிற நேரத்தில் அந்தக் காசு நம் கணக்கில் இருந்தால் வம்பு. நியூஜெர்சியிலிருந்து வந்த இரண்டு தொகையையும் திருப்புகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அவரவர் கணக்கிலிருந்து மட்டும் அனுப்பவும்.

---

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். என் காசு வெளிநாட்டுக் காசா? நல்லாயிருக்கு அண்ணா.

அந்தக் கல்லில் பேர் கிடையாது. இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று எண்ணிக்கை மட்டும்தான். திரும்பாதவர்களில் ஒருத்தர் மெசபடோமியாவில், இன்றைய ஈராக் பக்கம், போன என் கொள்ளுத்தாத்தா. அப்பா லீவில் வரும்போது கறுப்பு டிரங்குப் பெட்டியைப் பஸ் நிறுத்தத்திலிருந்து தலையில் தூக்கி வந்தது யார், கேண்டீன் ரம்முக்காக எங்கள் திண்ணையில் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தது யார் என்று மேட்டுத் தெருவில் கேளுங்கள். அப்போது யாரும் பாஸ்போர்ட் பார்க்கவில்லை.

காசைத் திருப்பிவிடுங்கள், சட்டம் சட்டம்தான். எனக்கு அங்கே ஓட்டும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். குவைத் தம்பிக்காவது பாஸ்போர்ட்டோடு நேரில் போய் நின்றால் உண்டு.

ஆனால் பிளெக்ஸ் யார் வைத்தது என்று இதுவரை ஒருத்தரும் எழுதவில்லையே? நானே எழுதுகிறேன். பொருளாளர் அண்ணா, உங்கள் மச்சானிடம் சொல்லி நாளைக்குள் இறக்கச் சொல்லுங்கள். கல் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ இங்கே போடட்டும்.