2024-ல் ஓய்வு பெற்ற கணவரை மறுபடி ராணுவத்துக்குக் கூப்பிடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பட்டாபிராம் வாசி (கேள்வி)

என் கணவர் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் நாயக் பதவியில் இருந்தவர். 17 வருட சர்வீஸ் முடித்து 2024 கடைசியில் வீட்டுக்கு வந்தார். வயது 37. இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். 2025 மே 7-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்ததிலிருந்தே மனசு சரியில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது: “கடைசி 5 வருடத்தில் ஓய்வு பெற்ற எல்லோரும் உடனே ரிப்போர்ட் செய்ய வேண்டும்.” மே 10-ல் பாகிஸ்தானுடனான சண்டை நின்ற பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டால் போவேன் என்கிறார் அவர். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறதே. உண்மையிலேயே கூப்பிட வாய்ப்பு உண்டா? கூப்பிட்டால் இப்போதைய வேலை என்னாகும்?

கேன்டீன் நண்பர், ஆவடி

எங்கள் தெருவிலேயே ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூட்டை கட்டி சென்ட்ரலில் ரயில் ஏறிவிட்டார். அதனால் மெசேஜ் உண்மையாகத்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற சுபேதார், பல்லாவரம்

ஆவடித் தம்பி, அவர் இன்னும் பணியில் இருப்பவரா என்று கேட்டுப் பாருங்கள். லீவில் வந்திருந்த ஜவான்களைத்தான் அப்போது அவசரமாகத் திரும்ப அழைத்தார்கள். ஓய்வு பெற்றவரைக் கூப்பிடுவது வேறு சங்கதி.

பட்டாபிராம் அம்மாவுக்கு: அந்த மெசேஜை நம்பாதீர்கள். பலரையும் குழப்பியது ஒரு உண்மையான ஆணைதான். மே 6-ம் தேதி பாதுகாப்பு அமைச்சகம், டெரிட்டோரியல் ஆர்மி விதிகள் 1948-ன் 33-வது விதியின் கீழ், அந்தப் படையினரை அழைக்கும் அதிகாரத்தை ராணுவத் தளபதிக்குக் கொடுத்தது. அதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ இறக்கலாம் என்றது அந்த ஆணை. 2028 பிப்ரவரி 9 வரை அது செல்லும். டெரிட்டோரியல் ஆர்மி என்பது வெளியே சொந்த வேலை பார்த்துக்கொண்டே படையிலும் பெயர் கொடுத்தவர்களின் அமைப்பு. கோயம்புத்தூரில் இருக்கும் 110-வது மெட்ராஸ் பட்டாலியன் அப்படிப்பட்டதுதான். உங்கள் வீட்டுக்காரர் அதில் சேராதவரை அந்த ஆணைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.

அவருக்குப் பொருந்தக்கூடியது ரிசர்வ், அதாவது பணி முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம் வரை தேவைப்பட்டால் கூப்பிடலாம் என்ற ஏற்பாடு. இதற்குச் சட்டம் 1888-லிருந்தே இருக்கிறது. ஆளெடுக்கும்போது போடும் ஒப்பந்தத்தில் இத்தனை வருடம் கலர் சர்வீஸ் (படையில் நேரடிப் பணி), அதற்குமேல் இத்தனை வருடம் ரிசர்வ் என்று எழுதியிருக்கும். பலருக்கு 15 அல்லது 17 வருடம் கலர், பிறகு 2 வருடம் ரிசர்வ் அல்லது 40 வயது வரை, எது முன்னால் வருகிறதோ அது. எந்த வருடம் சேர்ந்தார், எந்த டிரேடு (வேலைப் பிரிவு) என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ரிசர்வுக்கு மாற்றப்பட்டாரா, நேரே பென்ஷனில் வைக்கப்பட்டாரா என்று அதில் இருக்கும். பென்ஷன் என்றிருந்தால் கவலையை விடுங்கள். ரிசர்வ் என்றிருந்தால், அதில் உள்ள தேதி வரை சட்டப்படி கூப்பிட முடியும். பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நடைமுறையில் வாய்ப்பு ரொம்பக் குறைவு. பணியில் இருப்பவர்களே 12 லட்சத்துக்கு மேல். ஆள் வேண்டுமென்றால் முதலில் லீவை ரத்து செய்வார்கள், பிறகு டெரிட்டோரியல் ஆர்மி, அதற்கும் பிறகுதான் ரிசர்வ். அப்போதும் எல்லோரையும் மொத்தமாகக் கூப்பிட மாட்டார்கள், தேவைப்படும் டிரேடைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். 2021 ஏப்ரலில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது என்ன நடந்தது? முந்தைய 2 வருடத்தில் ஓய்வு பெற்ற ராணுவ மருத்துவப் பிரிவினரைத் திரும்ப அழைப்பதாக அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் பிரதமரிடம் சொன்னார். அதுவும் அவரவர் ஊருக்குப் பக்கத்திலேயே பணி. மற்ற பிரிவுகளைத் தொடவில்லை.

அழைப்பு வந்தால் படையினரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெகார்ட்ஸ் ஆபீஸிலிருந்து, ராணுவ எண்ணும் பெயரும் போட்டு வரும். சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். அங்கே இன்னும் ஊர் முகவரிதான் இருக்கிறதா, சென்னை முகவரி ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் கைபேசி எண்ணையும் சரிபாருங்கள். ரிசர்வில் இருப்பவர் காரணமில்லாமல் வராமல் இருந்தால் அது குற்றம். கடிதம் பழைய முகவரிக்குப் போய்த் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வழக்கறிஞர், சைதாப்பேட்டை

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்திலும், 1952-ன் விமானப்படை ரிசர்வ் சட்டத்திலும், அழைக்கப்பட்டவரைப் பணி முடிந்ததும் பழைய வேலையில் சேர்க்க வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு என்று இருக்கிறது. உங்கள் கணவருக்கு இந்த இரண்டு சட்டமும் நேரடியாகப் பொருந்தாது. அதனால் ரிசர்வில் இருந்தால், இப்போதே கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு அதைக் கடிதமாகத் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வையுங்கள். அவசரத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட அது நல்லது.

பட்டாபிராம் வாசி

ரொம்ப நன்றி ஐயா, நன்றி சார். புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். ரிசர்வ் என்றுதான் இருக்கிறது, 2026 கடைசி வரை. ரெகார்ட்ஸில் வேலூர் பக்கத்து ஊர் முகவரிதான் இருந்தது. மாற்றச் சொல்லி ஜபல்பூருக்கு எழுதிவிட்டார். கம்பெனிக்கும் கடிதம் தயார். ஒரு சந்தேகம்: ஜம்முவில் முன்னாள் வீரர்களைக் காவலுக்குப் போட்டிருப்பதாகச் செய்தி வந்ததே, அது இந்த ரிசர்வா?

ஓய்வுபெற்ற சுபேதார், பல்லாவரம்

இல்லை அம்மா. அங்கே 4,000 பேர் தாங்களாக முன்வந்த தன்னார்வலர்கள். மின் நிலையம், பாலம் போன்ற இடங்களைக் காக்கும் வேலை, போர்ப் பணி அல்ல. பாதுகாப்புத் துறை இடங்களைக் காவல் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் படையும் அப்படித்தான், விருப்பப்பட்டு மனுப் போட்டால்தான் சேர்ப்பார்கள்.

ஒரு அப்பா, நங்கநல்லூர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகள் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸில் (குறுகிய காலப் பணி) அதிகாரியாக இருந்து போன வருடம் வெளியே வந்தாள். அவளுக்கும் இது உண்டா?

ஓய்வுபெற்ற சுபேதார், பல்லாவரம்

உண்டு சார். ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு 5 வருடம் ரிசர்வ், பிறகு அதை நீட்டவும் இடமுண்டு. ஆனால் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 37 வயது வந்தால் அதோடு முடிந்துவிடும். சேரும்போது வந்த அறிவிப்பிலேயே இது இருக்கும், எடுத்துப் பாருங்கள். மகளின் முகவரியையும் மாற்றச் சொல்லுங்கள்.