கெட்டிலைச் செருகினேன், மேடையில் எந்தப் பாயிண்டிலும் கரண்ட் இல்லை

புதுக்குடி: வெளிநாடு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த கெட்டிலை அடாப்டர் போட்டுச் செருகினேன். கால் மணி நேரமாகியும் தண்ணீர் வெதுவெதுப்புதான். தூக்கும்போது கொஞ்சம் சிந்தியது, ‘டக்’கென்று ஒரு சத்தம். சமையல் மேடைப் பாயிண்ட் எல்லாம் போச்சு. விளக்கு எரிகிறது. வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பாரா? கை நடுங்குகிறது.

பழம்பெட்டி: கெட்டிலையெல்லாமா தம்பி கட்டிக்கொண்டு வருவது? நான் மிக்ஸியோடு வந்து முதல் இரண்டு மாதம் பட்ட பாடு! இப்போது அது கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள்.

மாடிவீடு: டிரான்ஸ்பார்மர் வீண் செலவு. மூன்று வருடமாக எனக்கு வெறும் அடாப்டரே போதுகிறது.

பழம்பெட்டி: லேப்டாப் சார்ஜருக்குப் போதும். அதில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்டேஜையா மாற்றும்?

ஜன்னலோரம்: வீட்டுக்காரர் பேச்சை எடுக்காதீர்கள். எங்கள் ஆள் ஒழுகுகிற குழாயைப் பார்க்கவே ஐந்து வாரம்.

மாடிவீடு: ஐந்துதானா? கொடுத்துவைத்தவர் நீங்கள்.

எர்த்ஒயர்: எந்த நாடு என்றே அவர் சொல்லவில்லையே! கெட்டில் மந்தமாகச் சூடானதைப் பார்த்தால் 120 வோல்ட் நாடு போலிருக்கிறது. 230 வோல்ட் கெட்டில் அங்கே கால்பங்கு வலுவில்தான் ஓடும். மேடையில் இரண்டு சின்னப் பொத்தான் வைத்த பாயிண்ட் இருக்கிறதா?

புதுக்குடி: கனடா அண்ணா. சிங்க் பக்கத்தில் இருக்கிறது. டெஸ்ட், ரீசெட்.

எர்த்ஒயர்: அதுதான் ஜிஎஃப்சிஐ, ஷாக் அடிக்காமல் காக்கிற பாயிண்ட். கரண்ட் 5 மில்லியாம்பியர் அளவுக்குக் கசிந்தாலே துண்டித்துவிடும். அதன் வழியாக லைன் போகிற மற்ற பாயிண்டுகளும் சேர்ந்து அணையும். கெட்டது எதுவும் நடக்கவில்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பிளக்கில் ஈரம் பட்டிருந்தால் முதலில் வீட்டு மின்பெட்டியில் (பேனல்) அந்தப் பாயிண்டுக்கான பிரேக்கரை இறக்குங்கள். கெட்டிலைப் பிடுங்கி, மேடையைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பிரேக்கரை ஏற்றி, உலர்ந்த கையால் ரீசெட்டை அழுத்துங்கள். எதுவும் செருகாதபோதே மறுபடி விழுந்தால் விட்டுவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். நம் ‘பிளக் பாயிண்ட்’ அங்கே ‘அவுட்லெட்’, எர்த் ‘கிரவுண்ட்’. பிரிட்டனில் என்றால் ‘சாக்கெட்’, எர்த் எர்த்தேதான்.

ஜன்னலோரம்: நான் எர்த் எர்த் என்று கத்தியும் எலக்ட்ரீஷியன் முழித்தது இப்போதுதான் புரிகிறது.

புதுக்குடி: ராத்திரி முழுக்கக் காயவிட்டு அழுத்தினேன். ‘டிக்’கென்று உள்ளே நின்றது, எல்லாம் வந்துவிட்டது! கெட்டிலை என்ன செய்ய?

பழம்பெட்டி: வீட்டில் எத்தனை கதவு?