ஐந்தாம் கட்டளையும் மூன்று கடைகளும்

உடுவிலான்:
ஞாயிறு ஆராதனையில் ஒருவர் சாட்சி சொன்னார். கொழும்பு வேலையை விட்டு ஊருக்கு வந்து, படுக்கையில் கிடந்த தாயை மூன்று வருடம் பார்த்தாராம். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற ஐந்தாம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தபடியால் கர்த்தர் அவருடைய ஒரு பலசரக்குக் கடையை மூன்றாக்கினாராம். சபை முழுவதும் அல்லேலூயா. எனக்கு எரிச்சல்தான் வந்தது. நானும் அப்பாவை ஐந்து வருடம் பார்த்தேன். மிச்சம் முதுகுவலி. அப்படியானால் நான் கீழ்ப்படியவில்லையா?

பாசையூரான்:
அது நான்காம் கட்டளை.

உடுவிலான்:
நான் கேட்டது என்ன, நீர் சொல்வது என்ன?

வட்டுக்கோட்டை வாத்தியார்:
நான்காவது ஓய்வுநாள். ஐந்தாவதுதான் பெற்றோர். ஞாயிறு பாடசாலையில் நாற்பது வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன்.

பாசையூரான்:
நாற்பது வருடமும் பிழையாகப் படிப்பித்திருக்கிறீர்கள், ஐயா. எங்கள் கத்தோலிக்க மறைக்கல்வி வரிசை புனித அகுஸ்தீனார் காலத்தது. விடுதலைப் பயணம் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கட்டளைகளுக்கு எண் போட்டிருக்கிறதா?

வட்டுக்கோட்டை வாத்தியார்:
எங்கள் வேதாகமத்தில் அதன் பெயர் யாத்திராகமம். சிலை வணக்கத்தைத் தடுக்கும் கட்டளையை முதலாவதற்குள் ஒளித்துவிட்டு, பத்துக்கு ஒன்று குறைகிறதே என்று இச்சியாதே என்ற கட்டளையை இரண்டாக வெட்டியவர்கள் எண்ணைப் பற்றிப் பேசக் கூடாது.

பாசையூரான்:
ஒளிக்கவில்லை, சேர்த்து வாசிக்கிறோம். உங்களைப் போல் புரட்டஸ்தாந்தரான லுத்தரன் சபைக்கும் இதே வரிசைதான். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லுத்தரன். அவரையும் எழுப்பித் திருத்துங்கள்.

வட்டுக்கோட்டை வாத்தியார்:
தரங்கம்பாடி அக்கரையில். இங்கே யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்தது அமெரிக்க மிஷன். எங்களுக்கு ஐந்து.

மானிப்பாய் மருமகள்:
ஆசீர்வாதம் என்றால் காசா, ஆயுளா, மன ஆறுதலா? முதலில் அதைச் சொல்லுங்களேன். லூக்கா 11:28இல் இயேசு, தேவ வார்த்தையைக் கேட்டுக் காத்துக்கொள்கிறவர்களே பாக்கியவான்கள் என்கிறார். கடை கிடைக்கும் என்று அங்கே இல்லை. காத்துக்கொள்வதுதானே பாக்கியம்?

வட்டுக்கோட்டை வாத்தியார்:
நல்ல கேள்வி, பிள்ளை. எண் தீரட்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்காபரோ சித்தப்பா:
யாத்திராகமத்தில் வாக்கு நீண்ட ஆயுள் மட்டும். அதே கட்டளைகளைத் திரும்பச் சொல்லும் உபாகமம் 5:16இல் நன்றாயிருப்பதும் சேர்கிறது. கடைக்காரர் உபாகமத்தைக் கெட்டியாகப் பிடித்துவிட்டார்.

பாசையூரான்:
இரண்டு இடத்திலும் "தேசத்திலே" என்று இருக்கிறது, சித்தப்பா. கனடாப் பனிக்குள் இருந்து மாதா மாதம் காசு அனுப்புவதும் கனம்பண்ணுவதில் சேருமா?

ஸ்காபரோ சித்தப்பா:
அந்தக் காசில்தான் நீங்கள் கோயில் திருநாளுக்கு வெடி கொளுத்துகிறீர்கள். 1990இல் சண்டைக்குள் வலிகாமம் வடக்கில் இருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா தன் வீட்டைத் திரும்பப் பார்க்காமலே செத்தா. தேசத்தைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

வட்டுக்கோட்டை வாத்தியார்:
அது இருக்கட்டும். யூதர்களும் ஐந்தாவது என்றே எண்ணுகிறார்கள். கட்டளை வாங்கியது அவர்கள்தானே?

பாசையூரான்:
"நானே உன் ஆண்டவர்" என்பதே அவர்களுக்கு முதலாவது. உங்களுக்கு அது வெறும் முன்னுரை. பெற்றோர் இரண்டு கணக்கிலும் ஐந்தில் வந்து விழுந்ததற்கு இவ்வளவு பெருமையா?

வட்டுக்கோட்டை வாத்தியார்:
விழுந்தாலும் ஐந்து ஐந்துதான். போன நத்தாரில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேரா என்று கேட்டபோதும் நீர் இப்படித்தான் நழுவினீர். நான் மறக்கவில்லை.

பாசையூரான்:
மத்தேயு மூன்று என்று எழுதவில்லை என்று அன்றைக்குச் சொன்னது நான். நழுவியது யார்?

மானிப்பாய் மருமகள்:
எண் தீர்ந்ததா, ஐயா?

உடுவிலான்:
அப்பா கடைசி மாதங்களில் என் பெயரையே மறந்துவிட்டார். ஆனால் கஞ்சிக்கு வாய் திறந்தது என் கைக்கு மட்டும். அதை எழும்பிச் சாட்சியாகச் சொன்னால் யாராவது அல்லேலூயா சொல்வார்களா?

வட்டுக்கோட்டை வாத்தியார்:
தாராளமாகச் சொல்லும், தம்பி. எண்ணை மட்டும் மாற்றிவிடாதையும். பாசையூரானுக்கு: உமது மறைக்கல்விப் புத்தகத்தைப் படம் எடுத்துப் போடும், பார்ப்போம்.

பாசையூரான்:
முதலில் உங்கள் ஞாயிறு பாடசாலைப் புத்தகத்தைப் போடுங்கள். ஞானிகள் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து.