செப்புவெட்டு: எராஸ்மஸ் படத்தை முன்வெச்சு

ஐயா, வணக்கம். செப்புத் தகட்டுல கோடு வெட்டி, மை பூசி, தாள்ல அச்செடுக்கற ‘engraving’ படத்துக்குத் தமிழ்ப் பேரா நீங்க சொன்ன ‘பொறிப்போவியம்’ காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆசிட்ல அரிச்சு எடுக்கற படத்துக்கும் அதே பேர் போய் ஒட்டிக்குதே, ரெண்டும் வேற வேற வேலை. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1526-ல பண்ணின, எராஸ்மஸ்ங்கற டச்சு அறிஞரோட படத்தையே பாருங்க. அதுல ஆசிடே கிடையாது, செப்புத் தகட்டுல கூர் உளியை உள்ளங்கையால தள்ளித் தள்ளி செம்பைச் சுருள் சுருளா எடுத்திருக்காரு, ஆழமாப் போனா கோடு தடிக்கும், கையைத் தளர்த்தினா முடி மாதிரி மெலியும், அந்த அங்கி மடிப்பைப் பெருசாக்கிப் பாத்தா தெரியும்.

பாத்திரக்கடையில நாம என்ன சொல்றோம்? ‘பேர் வெட்டிக் குடுங்க’ன்னுதானே. கல்லுல வெட்டினா கல்வெட்டு, செம்புல வெட்டினா செப்புவெட்டு. என் ஓட்டு இதுக்குத்தான்.

அப்ப மரத்துல வெட்டினா மரவெட்டான்னு நேத்து ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. வேண்டாம். மரத்துல வெட்டாம விட்ட மேடுதான் மை வாங்கும், செம்புல வெட்டின பள்ளத்துலதான் மை நிக்கும், நேர் எதிர். அதுக்கு ‘மரச்செதுக்கு’ இருக்கட்டும். ஆசிட் வேலைக்கு ‘அரிப்போவியம்’னா சொறியறது ஞாபகம் வருதாம், மண்ணரிப்புன்னு பாடப்புத்தகத்துல படிச்சப்ப யாருக்கும் வரலையே! கோட்டுமேல கோடு போட்டு நிழல் கொண்டுவர்றதுக்குக் ‘குறுக்குவெட்டு’ சரிவராது, அது பொறியியல்ல வேற அர்த்தத்துல ஊறிப்போச்சு, ‘வலைக்கோடு’ போதும்.

இந்தப் படத்துக்கு வெட்டுங்கற சொல் இன்னும் ஆழமாப் பொருந்துது. எராஸ்மஸ் கண்ணைத் தாழ்த்தி எழுதிட்டிருக்காரு, ஒரு கையில பேனா, இன்னொரு கையில மைக்கூடு, முன்னாடி தடித்தடியா புத்தகங்க, பக்கத்துல குவளையில பூ. பின்னாடி பெரிய பலகை, அதுல இது ட்யூரர் நேர்ல பாத்து வரைஞ்ச உருவம்னு லத்தீன்ல இருக்கு, அதுக்குக் கீழ கிரேக்கத்துல, அவரோட எழுத்துகள் இதைவிட நல்லாக் காட்டும்னு ஒரு வரி. அச்செடுத்தா திரும்பி விழும்ங்கறதால அத்தனை எழுத்தையும் தகட்டுல இடவலம் மாத்தி வெட்டியிருக்கணும், ஒரு அறிஞரை அவர் எழுத்துலதான் பாக்கணும்னு சொல்ல ட்யூரர் பட்ட பாடு அது. எராஸ்மஸை ட்யூரர் 1520-21 நெதர்லாந்துப் பயணத்துல சந்திச்சு வரைஞ்சது, அஞ்சாறு வருஷம் கழிச்சு வெட்டினது, எராஸ்மஸுக்கு முகச்சாயல் திருப்தியா இல்ல. எனக்கு அந்தக் கிரேக்க வரிதான் அவரோட நிஜ முகம்.

உளிக்கும் ஒரு பேர் வேணும். ட்யூரரோட அப்பா பொற்கொல்லர், இவரும் அந்தப் பட்டறையிலதான் முதல்ல தொழில் கத்துக்கிட்டாரு. அதனால நம்ம பத்தர்கள் பட்டறையில புழங்கற பேர் யாராவது கேட்டுச் சொன்னா அதையே வெச்சுக்குவோம், அதுவரைக்கும் நான் ‘வெட்டுளி’ன்னு எழுதறேன்.