புத்தாண்டு வாக்குத்தத்தம் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமாக வந்திருக்கிறது. எதைக் கேட்டு நடப்பது?

கடைமடைக்காரி:

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். வேதாரண்யம் பக்கம், அடப்பாற்றுப் பாசனத்தில் கடைசி ஊர்களில் ஒன்று எங்களுடையது. மூன்று ஏக்கர் குத்தகை. சம்பா இப்போது பால் பிடிக்கிற பருவம். பொங்கலுக்குள் நிலத்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், அடுத்த வருஷமும் குத்தகையைத் தொடர்கிறோமா இல்லையா என்று. இதே நேரத்தில் திருப்பூரிலிருந்து தம்பி கூப்பிடுகிறான். பனியன் கம்பெனியில் வீட்டுக்காரருக்குப் பேக்கிங், எனக்கு செக்கிங் வேலை இருக்கிறதாம்.

2018 நவம்பரில் கஜா புயலில் கூரையும் தென்னையும் போயின. 2021 பொங்கல் சமயத்தில் பெய்த மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. 2023ல் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தும் அக்டோபரிலேயே மூடினார்கள். ஒவ்வொரு தடவையும் கடன் வாங்கித்தான் எழுந்தோம். இந்த வருஷம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே இரவில் தூக்கம் வருவதில்லை.

31ஆம் தேதி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம், வருகிற வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு வேத வசனம் எழுதியிருக்கும் அட்டை. மாமியாருக்கு வந்தது சங்கீதம் 37:3, "தேசத்தில் குடியிருந்து" என்று. வீட்டுக்காரருக்கு ஆதியாகமம் 28:15, "நீ போகிற இடத்திலெல்லாம் உன்னைக் காத்து". எனக்கு சங்கீதம் 32:8, "நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்".

"கர்த்தரே இருக்கச் சொல்லிட்டார், யாரும் எங்கேயும் போகக் கூடாது" என்று மாமியார் வீட்டுக்கு வரும் வழியிலேயே முடித்துவிட்டார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். வழி காட்டுவேன் என்ற வசனம் என் கையில்தான் இருக்கிறது, வழி மட்டும் தெரியவில்லை. விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை.

தேவனை நம்புகிறவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் எப்படி முடிவெடுக்கிறீர்கள்? "எல்லாம் நல்லபடியாக நடக்கும், விசுவாசியுங்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிக்கல் சிங்காரவேலன் அடிமை:

அக்கா, நான் வேறு மதம், சொல்லலாமா தெரியவில்லை. எங்கள் வீட்டில் பெரிய காரியம் என்றால் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, குழந்தையை எடுக்கச் சொல்வோம். ஆனால் என் அப்பா ஒன்று சொல்வார். யோசித்து, விசாரித்து, இரண்டும் சமம் என்று ஆன பிறகுதான் பூ. விசாரிக்காமல் பூ வைப்பது சாமியைத் தொந்தரவு செய்வது என்பார். திருப்பூரில் வாடகை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்தீர்களா?

பொறையார் டீச்சர்:

அன்பு சகோதரி, ஓய்வுபெற்ற ஆசிரியை நான், ஞாயிறு பள்ளியும் நடத்துகிறேன். உங்கள் மூன்று வசனங்களையும் வேதாகமத்தில் எடுத்து முழுதாக வாசித்தேன். அட்டையில் இடம் இல்லாததால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான்.

உங்கள் வீட்டுக்காரருடைய வசனம் "இந்தத் தேசத்துக்கு உன்னைத் திரும்பிவரப்பண்ணுவேன்" என்று தொடர்கிறது. யாக்கோபு அண்ணனுக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடுகிறான், கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறான். அப்போது சொல்லப்பட்ட வார்த்தை அது. போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. நீ எங்கே போனாலும் நான் உன்னை விடமாட்டேன் என்பதுதான் அதன் உயிர். மாமியாருக்கு வந்த வசனத்தில் "கர்த்தரை நம்பி நன்மைசெய்" என்பது முதலில் இருக்கிறது. பொல்லாதவன் வாழ்வதைப் பார்த்து எரிச்சலடையாதே என்று ஆரம்பிக்கிற சங்கீதம் அது. குத்தகையைப் பற்றிய உத்தரவாக அதை எடுக்க முடியாது. ஆகவே இரண்டு அட்டையும் ஒன்றோடொன்று மோதவே இல்லை, அம்மாவும் மகனும்தான் மோதிக்கொள்கிறார்கள்.

உங்களுடையதற்கு அடுத்த வசனத்தைப் பாருங்கள். வாரும் கடிவாளமும் போட்டால்தான் கிட்டே வரும் புத்தியில்லாத குதிரையைப்போல, கோவேறு கழுதையைப்போல இருக்கவேண்டாம் என்கிறது. எனக்கு அந்தச் சங்கீதத்தில் மிகவும் பிடித்த இடம் இது. வழி காட்டுவேன் என்றவர், இழுத்துக்கொண்டு போக மாட்டேன், புத்தியோடு நடந்து வா என்கிறார். நீங்கள் எதிர்பார்க்கிற சத்தம் வராததற்கு விசுவாசக் குறைவு காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் தரங்கம்பாடிக் கரையில் 1706ல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயருக்கு முதலில் தமிழே தெரியாது. இரண்டு வருஷத்தில், 1708ல், டேனிஷ் கவர்னரே அவரைச் சிறையில் போட்டார். இதெல்லாம் தெரிந்துகொண்டு அவர் கப்பல் ஏறவில்லை. வந்த இடத்தில் அன்றைக்கு முன்னால் இருந்த வேலையைச் செய்தார், எழுத்துப் பழகினார். வேதாகமத்தில் ஆபிரகாமும் தான் போகும் இடம் இன்னதென்று தெரியாமலேதான் புறப்பட்டான்.

வெண்ணாற்றங்கரை விவசாயி:

தங்கச்சி, டீச்சரம்மா வசனத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் வயலைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் உபாகமம் 11ஆம் அதிகாரம் வாசிக்க வேண்டும். மோசே இஸ்ரவேல் ஜனங்களிடம் பேசும்போது, எகிப்தில் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற மாதிரி காலால் நீர் பாய்ச்சினாய், போகிற தேசமோ வானத்து மழையைக் குடிக்கிற தேசம் என்று வரும். வருஷத்தின் துவக்கமுதல் முடிவுமட்டும் கர்த்தரின் கண்கள் அதின்மேல் இருக்கும் என்றும் வரும். நாம் ஆற்றையும் நம்பணும், வானத்தையும் நம்பணும். திறக்க ஜூன் 12, மூட ஜனவரி 28 என்று மேட்டூர் அணைக்குத் தேதி வைத்திருக்கிறோம், தண்ணீர் அந்தத் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் விதைவிடும்போது நான் அந்த இடத்தை வாசிப்பேன். நஷ்டம் வந்த வருஷத்திலும் வாசித்தேன். கண் வைத்திருக்கிறார் என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் இருந்ததில்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நிலத்துக்காரரும் அறுவடை பார்க்காமல் வேறு ஆளைத் தேட மாட்டார். அறுவடை முடியட்டும் என்று நேரில் போய்க் கேளுங்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே உளுந்து தெளித்துவிடுங்கள், பங்குனிக்குள் கைக்கு வரும். உளுந்து எடுத்ததும் உங்கள் பக்கம் சம்பா விதைப்பு வரைக்கும் நிலம் சும்மாதான் கிடக்கும். அந்த மாதங்களில் அவர் மட்டும் திருப்பூர் போய் வேலை பார்க்கட்டும். பிள்ளைகளுக்கும் பரீட்சை கெடாது. நடவுக் கூலி, உரம், அறுப்பு மிஷின் வாடகை, கொள்முதல் நிலையத்தில் நெல் கிடந்த நாட்களின் செலவு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அங்கே மிச்சமாவதையும் எழுதுங்கள். பயிர்க் காப்பீட்டு ரசீது பத்திரமாக இருக்கிறதா?

கடைமடைக்காரி:

ரசீது இருக்கிறது அண்ணே. அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு, நிலத்துக்காரர் பேரில் இருப்பதால் ஒவ்வொரு வருஷமும் அவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

டீச்சரம்மா எழுதியதை நேற்று ஜெபம் முடிந்ததும் சத்தமாக வாசித்தேன். "திரும்பிவரப்பண்ணுவேன்" என்ற இடத்தில் மாமியார் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அப்புறம், "உளுந்து எடுத்துட்டுப் போகட்டும், விதைப்புக்கு வந்துரணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அதுவே பெரிது. வீட்டுக்காரர் அதற்கு அப்புறம்தான் வாய் திறந்து பேசினார். அவருக்கும் நிலத்தை ஒரேயடியாக விட மனசில்லையாம், கடனை நினைத்துத்தான் பயந்திருக்கிறார்.

தம்பியிடம் வாடகையும் பள்ளிக்கூடமும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்காரரும் மாமியாரும் நிலத்துக்காரரைப் பார்க்கப் போகிறார்கள். அவர் தவணை தராவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, தெரியாமலேதான் போகிறார்கள். ஆடுதுறை 3 உளுந்து விதை வேளாண் விரிவாக்க மையத்துக்கு வந்துவிட்டதா, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். கதிர் முற்றும் வரைக்கும் மழை வராமல் இருக்க ஜெபித்துக்கொள்ளுங்கள்.