டிமாரைக் கொடுத்து கவாயை வாங்கியது: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு கணம்?

மூலைச்சீட்

2018 இல் எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி டிமார் டெரோசனை சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்து கவாய் லெனார்டை வாங்கியது, அடுத்த வருடமே NBA கோப்பையும் வந்தது. அந்த ட்ரேட் (வீரர் மாற்று) சரியா பிழையா என்று வருடக்கணக்காகக் கதைத்தாயிற்று. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோப்பையை விட அதிகம் நினைவிருப்பது 2019 பெப்ரவரி 22. டிமார் ஸ்பர்ஸ் சட்டையில் முதல் தடவை ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த இரவு. மேல் தட்டில் தம்பியோடு இருந்தேன். அவர் பெயரைச் சொன்னதும் அரங்கமே எழுந்து நின்றது.

கடைசி நிமிடம். ஸ்பர்ஸ் முன்னால், பந்து டிமார் கையில். எங்கள் லௌரியும் கவாயும் இரண்டு பக்கமும் நெருக்க, கவாய் பந்தைத் தட்டிப் பறித்துத் தனியே ஓடிப் போய் வளையத்துக்குள் கையாலேயே இறக்கி டங்க் அடித்தார். 120-117 என்று வென்றோம். எனக்கு முன் வரிசையில் டிமாரின் 10-ஆம் இலக்கச் சட்டையோடு ஒரு பெண். டங்க் விழுந்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். கத்தி முடியும் முன்பே கை இரண்டும் இறங்கித் தலைக்கு வந்துவிட்டன. அப்படியே நின்றார். அந்த முகம் எனக்கு இன்னும் போகவில்லை.

உங்கள் கணம் எது?

நைட்ஷிப்ட்

2018 ஜூலை 18. வேலை முடிந்து விடியற்காலை பஸ்ஸில் வரும்போதுதான் ஃபோனில் பார்த்தேன். டிமார் இன்ஸ்டாகிராமில் எழுதியது வந்திருந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்தார்கள், இவர்களை நம்ப முடியாது, இந்த விளையாட்டில் விசுவாசம் கிடையாது என்று. அணி அறிவிக்கும் முன்பே எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அதற்குச் சில மாதம் கழித்து, அதே பஸ்ஸில். ஒரு பெரியவர் டிமார் சட்டை போட்டிருந்தார். முதுகில் பெயருக்கு மேல் வெள்ளை டேப், இலக்கத்துக்கு மேலும் டேப், அதில் கறுப்பு மார்க்கரால் கவாயின் "2". டேப்பின் ஒரு மூலை கழன்று, உள்ளே இருந்த "10" இல் பூச்சியம் பாதி தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. அவர் இறங்கும்போது அந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

கணக்குப்பிள்ளை

மூலைச்சீட், உங்கள் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? 2017-18 இல் 59 ஆட்டம் வென்றோம், கிழக்குப் பிரிவில் முதலிடம். பிறகு பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக ஆடும் தொடர்களில், லெப்ரானின் கிளீவ்லாந்திடம் 4-0 என்று தோற்றோம். மூன்றாவது ஆட்டத்தில் லெப்ரான் ஒற்றைக் கையால் கண்ணாடியில் பட்டு விழுத்திய கடைசி வினாடிப் பந்தை எல்லோரும் சொல்கிறார்கள். அன்று நான்காவது குவார்ட்டர் முழுக்க டிமார் பெஞ்சில் இருந்ததை யாரும் சொல்வதில்லை. அடுத்த ஆட்டத்தில் அவரை வெளியேற்றியும் விட்டார்கள். எங்கள் பயிற்சியாளர் கேசிக்கு அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது, ஆனால் விருது வர முன்பே அவருக்கு வேலை போய்விட்டது. அந்தக் கட்டத்தில் அணி நிர்வாகத்தை நடத்திய மசாய் உஜிரி என்ன செய்திருக்க வேண்டும்?

இன்னொன்று. எல்லோரும் டிமார்-கவாய் என்றே கதைக்கிறீர்கள். எங்களுக்கு டேனி கிரீனும் வந்தார். அந்த சீசனில் மூன்று புள்ளி எறிதலில் 45 சதவீதத்துக்கு மேல். நாங்கள் கொடுத்தது டிமார், பெல்டல், நிபந்தனையோடு, புதிய வீரரை எடுக்கும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமை. அந்தத் தேர்வு 29-ஆவது இடத்தில் போய் கெல்டன் ஜான்சனாக வந்தது. நல்ல வீரர்தான், மறுக்கவில்லை. பெல்டல் 2023 இல் எங்களிடமே திரும்பி வந்தார். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் கையில் நிற்பது கோப்பை.

என் கணமா? 2019 ஜூன் 13, ஓக்லண்டில் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், 114-110 என்று வென்று கோப்பை எடுத்தோம். லௌரி ஆரம்பத்திலேயே அடுத்தடுத்து எறிந்து விழுத்திய பந்துகள். டிமாரின் உயிர் நண்பன் அவர்.

பத்தாம்நம்பர்

கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் கணக்கில் ஒரு வரி குறைகிறது. அதே 2018 ஜூலையில் லெப்ரான் மேற்குப் பிரிவில் உள்ள லேக்கர்ஸுக்குப் போய்விட்டார். வருடா வருடம் எங்களை வீட்டுக்கு அனுப்பிய மனிதர் கிழக்கிலேயே இல்லை. எங்கள் இளம் வீரர்கள் சியாகம் வளர்ந்தது, வான்வ்ளீட் வளர்ந்தது, பெப்ரவரியில் மார்க் கசோல் வந்தது, இது எதுவும் கவாயால் நடந்ததல்ல. டிமாரை வைத்துக்கொண்டே இந்த அணி எதுவரை போயிருக்கும் என்று பார்க்க எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை.

என் கணம் மைதானத்தில் நடந்ததல்ல. 2018 பெப்ரவரியில், ஆல்-ஸ்டார் (நட்சத்திர வீரர்கள் ஆட்டம்) சமயத்தில், டிமார் தன் மனச்சோர்வைப் பற்றி ட்விட்டரில் ஒரே ஒரு வரி போட்டார். அந்தக் காலத்தில் எனக்கும் படுக்கையை விட்டு எழும்ப முடியாத நாட்கள் இருந்தன. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வரியைக் காட்டித்தான் அம்மாவிடம் கதைக்கத் தொடங்கினேன். "இவ்வளவு பெரிய விளையாட்டு வீரனுக்கும் வருமா?" என்று கேட்டார். ஃபோனை வாங்கி அந்த வரியைத் திரும்பவும் பார்த்தார். பிறகு வைத்தியரிடம் என்னோடு அவரே வந்தார்.

2010 இல் எங்கள் நட்சத்திரம் பாஷ் அணியை விட்டுப் போனபோது "கவலைப்படாதீர்கள், நான் இருக்கிறேன்" என்று சொன்ன ஆள் இவர். பலர் ஓட நினைத்த நகரத்தில் இருக்க விரும்பியவர். அவரைத்தான் கொடுத்தோம். அணி முன்னேறியதா என்று கேட்டால், முன்னேறியது. செய்த விதம் சரியா என்று கேட்டால், இல்லை. இரண்டையும் ஒரே பதிலில் போட்டு மூடாதீர்கள்.

சின்னமகள்

2019 மே 12, அன்னையர் தினம். வீட்டில் எல்லோரும் இருந்தோம். ஃபிலடெல்ஃபியாவோடு பிளேஆஃப் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம், 90-90. அதற்கு மேல் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கவாய் மூலைக்கு ஓடினார், அவர்களின் எம்பீட் கையை உயர்த்திக்கொண்டு கூடவே வந்தார், பந்து வளையத்தில் நான்கு தடவை பட்டு உள்ளே விழுந்தது. அம்மா சோபாவில் ஏறி நின்றார்! முழங்கால் வருத்தம் உள்ள அம்மா!

சித்தப்பா மட்டும் எழும்பவில்லை. ட்ரேட் நடந்த நாளிலிருந்து கவாயின் பெயரைக்கூடச் சொல்லாதவர், "அந்த ஆள்" என்பார். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் டிவியைப் பார்த்தபடியே, "டிமார் இதை எங்கேயிருந்து பார்க்கிறானோ" என்றார். எனக்கும் அப்போதுதான் அவரின் நினைப்பே வந்தது.

பழையகோச்

எல்லாக் கதையும் வாசித்தேன். எனக்கும் ஒன்று இருக்கிறது, சின்னதுதான். ட்ரேட் நடந்த மறுநாள் நான் பயிற்சி கொடுக்கும் பெடியன் ஒருவன் வந்து, "கோச், நன்றாக விளையாடினாலும் அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டான். பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தான். "சில நேரம் அனுப்புவார்கள்" என்றேன்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ட்ரேட்டைப் பற்றி வீட்டில் கதைக்கும்போது யார் பெரியவர் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள். டிமார் 2016 இல் ஐந்து வருடத்துக்கு 139 மில்லியன் டொலருக்குக் கையெழுத்திட்டவர், இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது. கவாய்க்கோ விரும்பினால் ஒரே வருடத்தில் போகலாம் என்ற நிலை, தொடைக் காயத்தால் முந்தைய சீசனில் 9 ஆட்டம்தான் ஆடியிருந்தார். அதாவது மசாய் வாங்கியது ஒரு வருடத்தை. அடுத்தது காயம். வந்த சீசனில் கவாய் 60 ஆட்டம்தான் விளையாடினார், மிச்சத்தில் ஓய்வு கொடுத்தார்கள். அப்போது திட்டாதவர் குறைவு. அந்த ஓய்வு இல்லாவிட்டால் மில்வாக்கியோடு மூன்றாவது ஆட்டத்தில், இரண்டு ஓவர்டைம், 52 நிமிடம் ஓடியிருக்க முடியுமா? அப்புறம்தான் திறமையைப் பாருங்கள். இந்த வரிசையில் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும், வீரர் மேல் வெறுப்பும் வராது. சட்டை வாங்குவதானால் பெயர் இல்லாமல் வாங்குங்கள். சட்டை போட்டவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

நைட்ஷிப்ட்

கோச், பஸ்ஸில் நான் சிரிக்கவில்லை.

அலமோக்காரன்

நான் சான் அன்டோனியோவில் இருக்கிறேன், உங்கள் கதைக்குள் நுழைவதற்கு மன்னியுங்கள். 2019 ஜனவரி 3, கவாய் இங்கே முதல் தடவை வந்த ஆட்டம். ஒவ்வொரு தடவை அவர் பந்தைத் தொட்டபோதும் ஊளை. "துரோகி" என்று ஒரே குரலில் கத்தினார்கள். எங்களுக்கு 2014 கோப்பையையும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதையும் கொண்டு வந்த அதே ஆள். நான் கத்தவில்லை, வாய் வரவில்லை.

அன்று டிமார் 21 புள்ளி, 14 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். வாழ்க்கையில் அவருடைய முதல் டிரிபிள்-டபுள் (மூன்றிலும் இரட்டை இலக்கம்). 125-107 என்று வென்றோம். நீங்கள் ஒன்பது சீசன் வைத்திருந்தும் பார்க்காததை நாங்கள் ஜனவரியிலேயே பார்த்தோம். ஆனாலும் நேர்மையாகச் சொல்கிறேன், ட்ரேட்டில் எங்கள் அணி முன்னேறவில்லை. 2020 இல், 22 சீசனாகத் தொடர்ந்த பிளேஆஃப் வரிசை அறுந்தது. அதற்கு டிமாரைக் குறை சொல்லும் ஆட்களோடு இன்னும் சண்டை பிடிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

அலமோக்காரன், அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். அவர் பந்து பகிர்ந்த விதம் எங்களிடம் இருந்ததை விட நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தாம்நம்பர் தம்பி, அம்மாவிடம் காட்டிய அந்த வரியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. கோப்பைக் கணக்கில் நான் இறங்கி வரமாட்டேன். கவாய் கோப்பையைத் தந்துவிட்டு அந்த ஜூலையிலேயே கிளிப்பர்ஸுக்குப் போனார், அதற்கும் அவரை நான் திட்டியதில்லை. ஆனால் 2024 நவம்பரில் எங்கள் பழைய நட்சத்திரம் வின்ஸ் கார்டரின் சட்டை இலக்கம் 15, இனி வேறு யாரும் போடாதபடி, கூரையில் ஏறியது, அணியின் வரலாற்றில் முதல் இலக்கம். கோபித்துக்கொண்டு போனவருக்கே ஏற்றினோம். போக விரும்பாதவரின் 10 உம் ஏற வேண்டும். அதில் உங்களோடு நிற்கிறேன்.

பத்தாம்நம்பர்

அன்றைக்கு அம்மாவையும் கூட்டி வருவேன் அண்ணா. மேல் தட்டில் சீட் கிடைத்தாலும் போதும்.